ஒன்றுக்கும் ஆகாத மூன்றடி

மைசூர் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியில் மாதேசன் கொத்தனாரின் வீடு வெளியே பன்னிரண்டுக்கு இருபது அடி, உள்ளே நாற்பத்தோரு அறை. முதல் அளவு வரி ரசீதில் இருந்தது. இரண்டாவது அளவு அவர் மனைவி நாச்சம்மாளின் முழங்காலில் இருந்தது, ஏனென்றால் அந்த நாற்பத்தோரு அறைகளையும் கூட்டுகிறவள் அவள்தான். வாரத்துக்கு ஒரு விளக்குமாறு தேய்ந்தது. குவெம்புநகரில் மூன்று வீடு கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கித் தன் வீட்டை ஆரம்பித்தால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருபதாவது அறையில் இருப்பாள். மீதி மறுநாளைக்கு. மறுநாள் முதல் இருபதிலும் தூசி சேர்ந்திருக்கும். இதற்கு முடிவே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டினாள். கூட்டாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்காது.

இது ஒரே நாளில் வந்த வினை இல்லை. மாதேசன் இருபத்திரண்டு வயதில் கௌதள்ளி கிராமத்திலிருந்து கரண்டியும் மட்டக்கோலுமாக மைசூருக்கு வந்தவர். புது வீடு கட்டுவதைவிடப் பழைய வீட்டைத் திருத்துவதில்தான் அவருக்குப் பெயர். ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஒரு சுற்று சுற்றினால் போதும், எந்த மூலையில் ஒன்பது அங்குலம் வீணாய்க் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். மாடிப்படிக்குக் கீழே இழுப்பறை, சுவருக்குள் அலமாரி, பால்கனியை அடைத்துப் பிள்ளைகள் படிக்க ஒரு அறை. அவர் கை பட்டால் வீடு பெரிசாகத் தெரியும், விலையும் ஏறும் என்று விஜயநகர் வரைக்கும் பேச்சு. வேலை முடிந்ததும் மிஞ்சிய டைல்ஸ் துண்டுகளையும் பெயர்த்த தரையின் உடைசலையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். எல்லாக் கொத்தனாரும் செய்கிறதுதான். வீட்டுக்காரர்களுக்கும் குப்பை ஒழிந்தது என்று நிம்மதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் துண்டுகளைத் தன் வீட்டு மண்தரையில் பதித்தார். மாதேசன் செய்த தப்பு இவ்வளவுதான்.

முதலில் வந்தது குவெம்புநகர் கேசவமூர்த்தி வீட்டு உக்கிராணம். நாச்சம்மாள் கூட்டும் மூன்று வீடுகளில் அந்த வீடும் ஒன்று. சமையலறைக்குப் பின்னால் அரிசி டிரம் வைக்கிற மூன்றுக்கு ஐந்தடி இருட்டு அறை அது. கேசவமூர்த்தியும் அவர் மனைவி பூமாவும் சமையலறையை நவீனமாக்க ஆசைப்பட்டார்கள். மாதேசன் சுவரை இடித்து உக்கிராணத்தைச் சமையலறையோடு சேர்த்தார். அதன் சிவப்புத் தரையின் உடைசல் அரைச் சாக்கு தேறியது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் பதித்த மறுநாள் காலையில், அடுப்புக்குப் பின்னால் மூன்றுக்கு ஐந்தடியில் ஒரு இருட்டு அறை இருந்தது, அரிசி வாசனையோடு. வெளியே போய்ப் பார்த்தார்கள். சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கே ஒழித்த இடம் எங்கேயாவது போகத்தானே வேண்டும், இங்கே வந்துவிட்டது என்று மாதேசன் சொன்னார். நாச்சம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஐந்தாறு வந்தன. விஜயநகர் மாடிப்படிக்குக் கீழ் இருந்த இடம் சாய்ந்த கூரையோடு வந்தது, அதில் குனிந்துதான் கூட்ட வேண்டும். ஒரு வக்கீல் வீட்டுப் பால்கனி காலைப் பத்து மணி வெயிலோடும் இரண்டு புறாக்களோடும் வந்தது. காலனியிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும், ஆனால் அந்தப் பால்கனியிலிருந்து சாமுண்டி மலை தெரிந்தது. புறாக்கள் போட்டதைத் துடைத்துவிட்டு அவள் ஒருமுறைகூட மலையைப் பார்த்ததில்லை, நேரம் இல்லை. யாரோ இடித்துவிட்ட துளசி மாடத்து முற்றம் மழைக்காலத்தில் நனைந்தது. ஈரத் துணி போட்டு ஒற்றி எடுத்தாள். மாதேசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மைசூர்ல எந்தக் கொத்தனாருக்கு இருக்குது புள்ளே இத்தனை ரூமு?" என்றார்.

"இருக்கறது நமக்கில்லீங்க. கூட்டறதுதான் நமக்கு" என்றாள் அவள்.

பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட மகள் மகேஸ்வரி, விற்றுவிட்டு ஒரே அறையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று போனில் சொன்னாள். நாச்சம்மாளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. புரோக்கர் மஞ்சுநாத் டேப்போடு வந்தார். உள்ளே போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வியர்த்துப்போய் வெளியே வந்து தண்ணீர் கேட்டார். இவ்வளவு இடத்தை அரண்மனையில்தான் பார்த்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு வெளியே நின்று அளந்தார்.

"உள்ள எஷ்டு இருந்தா ஏனக்கா? வெளிய அளந்தாத்தான் ரேட்டு. பன்னெண்டுக்கு இருபது, அஷ்டே, அவ்வளவுதான்" என்று பாதிக் கன்னடத்தில் சொன்னார்.

அந்த விலைக்கு மைசூரில் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வராது. ஊரில் எல்லோர் வீட்டு விலையையும் ஏற்றிவிட்ட மனிதர் வீட்டுக்கு ஒரு காசு ஏறவில்லை. பேச்சு அதோடு நின்றது, மாதேசன் அடுத்த ஞாயிறு இன்னொரு சாக்கைப் பிரித்தார்.

நாற்பத்தொன்றாவது அறை வந்த மாதத்தில் நாச்சம்மாளின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என்ன ஆயிற்று என்று பார்க்க ஆட்டோ பிடித்துப் பூமாவே வந்துவிட்டாள். அறுபது வயதுக்காரி, நோகாமல் பேசுகிறவள். வாசலில் செருப்பை விட்டவள் நலம் விசாரிப்பதை மறந்து, மூக்கைச் சற்றுத் தூக்கி, நேரே அடுப்புக்குப் பின்னால் போனாள். தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தாள். அங்கே சிவப்புத் தரை ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தேய்ந்திருந்ததை நாச்சம்மாள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"இங்கயா இருக்கு இது? நான் எங்கெல்லாம் தேடினேன் தெரியுமோ" என்றாள் பூமா.

இருபத்தாறு வருஷம், எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகு, அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்து நிமிஷம் உட்காருவாளாம். யாரும் தேட மாட்டார்களாம். சில நாள் அழுவாள், சில நாள் சும்மா இருப்பாள். புதுச் சமையலறை அலமாரிக்கு நிறம் தேர்ந்தெடுத்ததும் அவள்தான், இடிக்கச் சொன்னதும் அவள்தான். இப்போது கேசவமூர்த்தி ரிடையராகி வீட்டில் இருக்கிறார். வீட்டில் ஒரு அங்குலம்கூட வீணில்லை, அதனால் தனக்குப் போய் உட்கார ஒரு மூலை இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வரத் தொடங்கினாள். அந்த இரண்டு நாளும் நாச்சம்மாள் உக்கிராணத்தை முதலில் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். பூமாவின் வீட்டையும் அவளே கூட்டினாள், பூமா தொலைத்த இடத்தையும் அவளே கூட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கண்மூடி உட்கார்ந்திருக்கும் பூமாவைப் பார்த்தபடி வாசற்படியில் நின்ற நாச்சம்மாளுக்குப் பொறாமை வந்தது. பொறாமைக்குப் பின்னால் அழுகையும் வந்தது. நாற்பத்தோரு அறையில் எங்கே உட்கார்ந்தாலும் அது யாரோ ஒருவர் வீட்டு மூலை. ஆரம்பத்திலிருந்தே இருந்த பழைய அறையிலோ அடுப்பும், கட்டிலும், மாதேசனின் சாக்கும். அன்று சோறு போடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்தம்மாளுக்குத் தொலைச்ச இடமாவது இருந்துச்சுங்க. எனக்குத் தொலைக்கறதுக்கும் ஒண்ணு இருந்ததில்லை. எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்லுவாங்க. எனக்கு அதுகூட இல்லீங்களே."

மாதேசன் கையிலிருந்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். இவ்வளவு வருஷம் ஊரார் வீட்டு இண்டு இடுக்கெல்லாம் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தில் ரசம் வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாக்கைப் பிரிக்கவில்லை. கடையில் புதுச் செங்கலும் புது சிமெண்டும் வாங்கிவந்து, பழைய அறையின் மூலையில் மூன்றுக்கு மூன்றடிக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார். முப்பத்தொரு வருஷத் தொழிலில் இடத்தை வீணாக்கி அவர் கட்டிய ஒரே சுவர் அது. பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்து, அலமாரிக்கென்று சுவரில் ஒரு கோடு போட்டார். நாச்சம்மாள் முந்தானையால் அதை அழித்தாள்.

"அலமாரி வேணாங்க."

"ஒரு ஆணியாவது அடிக்கட்டுமா? பையி கிய்யி மாட்டலாம்."

"ஆணியும் வேணாங்க."

"அப்புறம் இது எதுக்குத்தான் ஆகும் புள்ளே?"

"ஒண்ணுக்கும் ஆக வேணாம்."

தரையில் யார் வீட்டு டைல்ஸையும் பதிக்காமல் வெறும் சிமெண்டைத் தேய்த்துவிட்டார். ஒரு வாரம் காயவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்கு நாச்சம்மாள் விளக்குமாற்றை வெளியே சாத்திவிட்டு உள்ளே போய், காலை நீட்ட முடியாததால் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எதையும் நினைக்கவில்லை. நாலேகாலுக்கு எழுந்தாள். எழுந்தபோது முழங்கால் வலித்தது, ஆனால் அது அவளுடைய வலியாக மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் வீடு வெளியே மூன்றடி நீண்டிருந்தது. தெருச் சாக்கடை தானாக மூன்றடி தள்ளிப் போயிருந்தது, பக்கத்து வீட்டுக் கெம்பம்மா மட்டும் கோலம் போட இடம் குறைந்துபோயிற்று என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். சேதி கேட்டு மஞ்சுநாத் டேப்போடு ஓடிவந்தார். பன்னிரண்டுக்கு இருபத்து மூன்று. இரண்டு தடவை அளந்தார். அந்த மூன்றடிக்கு விலை ஏறும் என்றார். ஏறியும் விட்டது, இந்த வீட்டுக்கு முதல் தடவையாக.

அவர் வந்தபோது மணி நாலு. வெள்ளிக்கிழமை, அடுப்புக்குப் பின்னால் பூமா உட்கார்ந்திருந்தாள். மஞ்சுநாத் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"அக்கா, அந்தப் புது ரூமைக் கொஞ்சம் பாக்கலாமா? பார்ட்டி வந்தா என்ன ரூம்னு சொல்லணும்."

"ஆள் இருக்குதுங்க உள்ளே" என்று நாச்சம்மாள் அந்த மூன்றடிக்குள் உட்கார்ந்தபடியே சொன்னாள். எழுந்து வரவில்லை. நாற்பத்தோரு அறைகளிலும் தூசி விழுந்துகொண்டிருந்தது. மஞ்சுநாத் கால் மணி நேரம் வெளியே நின்றார்.