ரெண்டாவது பொட்டலம்

நான் அம்மனையே ஏமாத்துனவ. மொதல்லயே சொல்லிட்றேன், இன்னாத்துக்கு சுத்தி வளைக்கணும்?

எண்ணூர்ல எங்க குப்பத்துல ஆறு வரிசை வூடு இருந்துச்சு. நான் கண்ணாலம் கட்டிகினு வந்தப்ப கடலைப் பாக்கணும்னா நடந்து போவணும். இப்ப மிச்சம் ரெண்டே வரிசை. அதுல எங்களுது முன்வரிசை. சோறு வடிக்கும்போது அலை அடிக்கிறது அடுப்புக் கல்லுல தெரியும்.

இதுக்கு யாரு காரணம்னு ஊரே ரெண்டா நின்னுச்சு. என் நாத்தனா சினேகா காலேஜுல கடல் படிப்பு படிக்கிறா. மனுசன் கரியை எரிச்சு எரிச்சு காத்தைச் சூடாக்கிட்டான், அந்தச் சூட்டுல கடலும் உப்பிப் பெருகுது, அதான் வூட்டைத் தின்னுதும்பா. ஒலகம் பூரா எரிக்கிறாங்க அண்ணி, நம்ம ரோட்டுல போற கரி லாரியும் அதுல சேர்த்திதாம்பா. கரிக் கம்பெனி சூப்பர்வைசர் ஜெயவேலு எங்க குப்பத்து ஆளுதான். அவரு சிரிப்பாரு. எங்க பாட்டன் காலத்துலயும் கடல் வந்துச்சு, போச்சு. மனுசன் ஒரு கொசு, கொசு மூச்சு வுட்டா கடல் சூடாவுமாம்பாரு.

எனக்குக் கட்சியெல்லாம் இல்ல. என் வூட்டுக்காரரு திருமலை ஒண்டிதான் என் கட்சி. வலையை வுட்டுட்டு பதினோரு வருசமா அந்தக் கம்பெனியில கரி அள்ளுறாரு, இன்னும் தினக்கூலிதான். ஆடி முடிஞ்சா பர்மனெண்ட்டுனு ஜெயவேலு சொல்லிகீறாரு. ராவெல்லாம் இருமுற மனுசன். பர்மனெண்ட் ஆனாதான் ஆஸ்பத்திரிக்கு கம்பெனி சீட்டு குடுக்கும்.

பேசிப் பேசி அலுத்துப்போயி, அம்மன்கிட்டயே பூ கேட்டுடலாம்னுட்டாரு ஊர்த் தலைவரு. தீராத வழக்குக்கு எங்க ஊர்ல அதான் வழி. ஒரு எலையில செவப்புப் பூ, இன்னொண்ணுல வெள்ளைப் பூ. ஒரே மாதிரி மடிச்சுக் கட்டி அம்மன் காலடியில வெச்சு ஒண்ணை எடுக்கணும். செவப்பு வந்தா மனுசன் செஞ்சது, மறுநாளே ரோட்டுல குந்தி லாரியை மறிக்கணும். வெள்ளை வந்தா கடல் தன்னால வருது, ஒருத்தரையும் மறிக்க வேணாம். மறிச்சா குப்பத்து ஆளு ஒருத்தனுக்கும் வேலை கெடையாதுன்னு ஜெயவேலு முன்னாடியே சொல்லிட்டாரு.

இந்த வருசம் பூ கட்ற முறை எங்க வூட்டுது. நான் ரெண்டு எலையிலயும் வெள்ளை அரளியே வெச்சேன். மஞ்சக் கயித்தால நாலு முடிச்சு போட்டேன்.

சினேகாவையே எடுக்கச் சொன்னாங்க. வெள்ளை வந்துச்சு. ஜெயவேலு ஆளுங்க கை தட்டுனாங்க, அந்தப் பொண்ணு மூஞ்சி செத்துப்போச்சு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காம கடல்ல வுட்டுடணும், அது வழக்கம். மடியில செருவிகினு போனேன். மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க? கடலுக்குத் தடுப்பா கொட்டி வெச்ச கல்லு மேல நின்னு வீசிட்டு திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

மறுநாள் காலையில யாவாரத்துக்கு மீன் எடுக்க காசிமேட்டுக்குக் கெளம்புறேன். கல்லுக்கு இந்தப் பக்கம் மணல்ல அது கெடக்குது. அலை தள்ளிகினு வந்திருக்கும்னு எடுத்து மறுபடி வீசுனேன். ரெண்டு நாள்ல அது கெடந்த எடம் வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு. அப்பால ஒரு காலையில எங்க வாசப்படியில கெடந்துச்சு. எலை வாடவே இல்ல. அடுத்த பௌர்ணமிக்கு வாசப்படி நனைஞ்சுச்சு.

மறுபடி எடுத்து மடியில செருவிகினேன். மீஞ்சூர்ல சொந்தக்காரங்களைப் பாக்குற சாக்குல ரயிலேறிப் போயி, ஒரு பாழுங்கெணத்துல அதைப் போட்டேன். கல்லு வெச்சுக் கட்டித்தான் போட்டேன். எந்த அலை அங்க வரும்?

மறுநாள் காலையில எங்க அடுப்பு மேல இருந்துச்சு. தரை காஞ்சு கெடக்குது, கதவு உள்ள தாப்பா போட்டிருக்குது. பொட்டலத்துலேர்ந்து மட்டும் தண்ணி சொட்டிகினே இருக்குது. தொட்டு நாக்குல வெச்சேன், உப்பு.

திருமலை எழுந்து வந்து பக்கத்துல குந்துனாரு. வழக்கமாவது ஒண்ணாவதுன்னு அவரு முன்னாடியே பிரிச்சேன். உள்ள செவ்வரளி. இப்பத்தான் பறிச்சாப்புல இருந்துச்சு.

"ரெண்டுலயும் வெள்ளைதான்யா வெச்சேன்"னேன்.

"தெரியும். நீ பறிக்கும்போது பாத்துகினுதான் இருந்தேன். செவப்புச் செடியாண்ட நீ போவவே இல்ல."

"அப்ப ஏன்யா வாயைத் தொறக்கல?"

ரொம்ப நேரம் இருமுனாரு. "பதினோரு வருசமா கரி அள்ளுறேன். அது இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா பவானி? ஆனா எனக்கும் பர்மனெண்ட் வேணுமில்ல."

எனக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு. இந்த மனுசனும் இத்தினி நாளா தனியா கெடந்து பயந்துகினு இருந்திருக்காரே.

அந்தப் பூவை மறுபடி கட்டி எடுத்துகினு ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். நடந்ததை ஊர் முன்னாடி சொன்னேன். இப்ப வெச்ச பூவா இருக்கும், பொம்பளை டிராமான்னாரு ஜெயவேலு. பாதி ஊரு அவரு பக்கம் போயிடுச்சு. சினேகா வந்து என் கையைப் புடிச்சுகினா. மறுநாள் லாரியை மறிக்க ரோட்டுல குந்துனது ஒம்போது பேரு. மொத ஆளு திருமலைதான். பர்மனெண்ட் லிஸ்ட்டுல அவரு பேரு வரல, கூலி வேலையும் போச்சு. அமாவாசைக்கு கடல் அடுப்பு வரைக்கும் வந்து வூட்டை எடுத்துகினு போச்சு. அடுப்பாண்ட வெச்சிருந்த பொட்டலமும் அதோட போச்சு.

இப்ப சடையங்குப்பத்துல வாடகைக்கு கீறோம். சினேகாவும் எங்ககூடதான். மழை பேஞ்சா இங்கயும் தண்ணி நிக்கும்ன்றாங்க, ஆனா கடல் ரொம்ப தூரம். அதை நம்பித்தான் வந்தேன்.

இன்னிக்குக் காலையில ஜன்னல் மேல, என் தலைக்கும் ஒசரத்துல கீது அந்தப் பொட்டலம். மஞ்சக் கயிறு, நாலு முடிச்சு. தண்ணி சொட்டுது.

இந்தத் தடவை நான் மறைக்கல. கையில ஏந்திகினு வூடு வூடா போறேன். இவ்ளோ ஒசரம் தண்ணி வரப்போவுது, புள்ளைங்கள கூட்டிகினு கெளம்புங்கன்னு சொல்லிகினே போறேன். ஒவ்வொரு வாசல்லயும் பொட்டலத்தைப் பாத்துட்டு, எந்தக் கோயில் பிரசாதம்மான்னு கையை நீட்டுறாங்க.