மறுமூச்சு

மாமனார் காளியப்பனின் இடது கையைச் சின்னம்மாள் மெல்லத் தூக்கினாள். அதன் அடியில்தான் துத்தி இருந்தது. தூக்கிய கை அவள் பிடியிலிருந்து நழுவித் தொப்பென்று பாயில் விழுந்தது. மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மார்பில் காது வைத்துப் பார்த்தாள். விடியற்காலையிலிருந்து வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த இளைப்புச் சத்தம் எப்போது நின்றது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவள் கிணற்றடிக்குப் போயிருந்தபோது நின்றிருக்க வேண்டும்.

ஓலம் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. அந்நேரம் பார்த்து வாசலில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது.

"காளியப்பண்ணா, வெத்தல கொண்டாந்திருக்கறேன். முதமூச்ச வுடுங்க. கேட்டுட்டுக் கெளம்பறோம்."

கோயில் மணியக்காரர் பச்சியப்பனின் குரல். சின்னம்மாள் முந்தானையைச் சுருட்டித் தன் வாயில் அடைத்துக்கொண்டாள்.

துத்தி என்பது முழு ஆட்டுக்குட்டியின் தோலை உரித்துத் தைத்த பை. ஒரு முன்னங்காலில் ஊதுகுழல். ஊதிய காற்று திரும்பி வராதபடி அதற்குள் ஒரு தோல் நாக்கு. கழுத்தில் நாணல் வைத்த சீங்குழல். பையைக் கக்கத்தில் இடுக்கி அமுக்கினால் ஒரே ஒரு சுருதி விடாமல் ஒலிக்கும். அதன்மேல்தான் அவள் புருஷன் தீர்த்தகிரி முகவீணை என்கிற சின்ன நாயனத்தை வாசிப்பான். மாரியம்மன் தேர் அந்தச் சத்தம் இல்லாமல் நகராது என்பது ஊர்க்கட்டு. தேரன்று காலையில் வீட்டுக்கு மூத்தவர் துத்தியில் முதல் மூச்சை நிரப்பி ஒலிக்க வேண்டும். மணியக்காரர் வாசலில் நின்று அதைக் கேட்டு வெற்றிலை வைப்பார். வெற்றிலை வாங்கிய வீட்டுக்குத்தான் அந்த வருஷம் கோயில் மானிய நிலம். அவர்களுக்கென்று இருந்தது அந்த நிலம் ஒன்றுதான். அதில் இப்போது கேழ்வரகு கதிர் வாங்கி நிற்கிறது.

சாவு விழுந்த வீட்டில் வெற்றிலை வைக்க மாட்டார்கள். வீடும் தீட்டு, மகனும் தீட்டு, துத்தியும் தீட்டு.

"என்ன மணியக்காரரே, உள்ள ஒரு அசைவையும் காணம்?" இது சென்றாயன். சேலத்தில் சண்டைக்கால விலை கொடுத்து ஆர்மோனியப் பெட்டி வாங்கி, பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்து, துத்தி நின்றால் மானியம் தனக்கு என்று காத்திருப்பவன். "பெரியவரு இருக்கறாரா, இல்ல நாம சும்மா நின்னுக்கிட்டிருக்கறமா?"

"எங்கப்பன் இருக்கறாரு. நீ பொட்டிக்குத் துணி போத்திட்டு வந்தியா? தூசி படப்போவுது," என்றான் தீர்த்தகிரி. அவனும் வாசலில்தான் நின்றான். காப்புக் கட்டிய நாள் முதல் அவனுக்குக் கோயிலில்தான் படுக்கை. நோயாளி கிடக்கும் வீட்டுக்குள் காப்புக் கட்டியவர்கள் கால் வைப்பதில்லை. "ஏ புள்ள, அப்பா முழிச்சிருக்கறாரா?"

சின்னம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இருக்கறாருங்க. தல சாச்சி உக்கார வெக்கறேன், செத்த பொறுங்க."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வாசற்படியில் தொங்கிய சாக்குப் படுதாவின் கீழே மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. அந்தப் பக்கம் பார்க்காமல் கிழவருக்குப் பின்னால் மண்டியிட்டு அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. துத்தி பொம்மென்று இருந்தது. வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று அவள் தடுக்கத் தடுக்க, காலையில் நிறுத்தி நிறுத்தி அவர் ஊதியது. ஊதி முடித்ததும் சீங்குழலை மெழுகால் அடைத்து, உதடு நீலம் பாரித்து, அதைக் கட்டிக்கொண்டு சாய்ந்தவர்தான்.

மெழுகை நகத்தால் கிள்ளி எடுத்தாள். கிழவரின் கையைத் துத்தியின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அமுக்கினாள்.

முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு சுருதி நிலைத்து ஒலித்தது. வீட்டுச் சுவர், கூரை மூங்கில், அவள் விலா எலும்பு எல்லாம் அதிர்ந்தன.

"ஆத்தா மாரியாயி," என்றார் மணியக்காரர். கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பொறுங்க," என்றான் சென்றாயன். "அது காலையில ஊதி வெச்ச காத்து. தோலுக்கு உசுரு இருந்தா போதுமா? மறுமூச்சு ஏத்தச் சொல்லுங்க. ஏத்திட்டாருன்னா நானே தேர்வடம் புடிக்கறேன்."

"அதான் கேட்டாச்சே," என்றான் தீர்த்தகிரி. அவன் குரல் இறங்கியிருந்தது. கிழவரால் ஒரே மூச்சில் விளக்கைக்கூட அணைக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

மணியக்காரர் சற்று யோசித்தார். "கேக்கறான்ல. ஒரே ஒரு மூச்சு, அண்ணா. ஊரு வாயி மூடிப்போவும்."

பை இளகிக்கொண்டே வந்தது. சுருதி தள்ளாடியது. அந்த ஊதுகுழலில் அவர்கள் வீட்டுப் பெண் எவளும் வாய் வைத்ததில்லை. கழுவக்கூட ஆண்கள்தான் எடுத்துப் போவார்கள். குழலின் நுனியில் விளக்கெண்ணெய் பளபளத்தது. அதன் மேல் கிழவரின் எச்சில் இன்னும் காயவில்லை. அவர் தலை அவள் தோளில் உருண்டு, வாய் பாதி திறந்திருந்தது.

சின்னம்மாள் குனிந்து ஊதினாள்.

முதல் ஊதலில் காற்று பக்கவாட்டில் சீறியது. உதட்டை இறுக்கிக்கொண்டு மறுபடியும் ஊதினாள். கன்னம் வலித்தது, கண் இருட்டியது. தோல் நாக்கு உள்ளே படபடவென்று அடித்துத் திறந்துகொண்டது. துத்தி அவள் மடியில் எழும்பியது. சுருதி ஏறி, நிமிர்ந்து, பழைய இடத்தில் போய் நின்றது.



"மூச்சு நல்லாத்தான் இருக்குது," என்றான் சென்றாயன் கடைசியில்.

வெற்றிலைத் தட்டைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது. "தேர் நேரம் ஆவுது, தீர்த்தகிரி. எடுத்துக்கிட்டு வா," என்று சொல்லிவிட்டு மணியக்காரர் நடந்தார். சென்றாயனின் கால்கள் கொஞ்சம் நின்று, பிறகு அவையும் போயின.

சின்னம்மாள் மெழுகை அடைத்தாள். கிழவரைப் பாயில் கிடத்தி, துத்தியைத் தூக்கிக்கொண்டு படுதாவை விலக்கினாள். தீர்த்தகிரி கை நீட்டினான். எப்போதும் காற்றை வெளியேற்றி, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டுதான் போவான். மெழுகில் விரல் வைத்தான்.

"வேண்டாங்க. அப்பிடியே எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். படுதாவுக்குப் பின்னால் பார்வை போகவில்லை. மெழுகிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.

"வாயில எண்ண இருக்குது. தொடச்சிக்க," என்றான்.

அவள் துடைத்துக்கொண்டாள்.

"தேரு நெலைக்கு வந்ததும் வந்துர்றேன். அதுவரைக்கும்..." என்றான். துத்தியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை எடுத்துப் போகிறவன்போலக் காலடி பார்த்து வரப்பில் இறங்கினான்.

கோயிலில் முரசு கொட்ட ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டு ராமக்கா வேலியோரமாக வந்தாள்.

"ஏன் சின்னு, பொழுது இவ்ளோ ஏறியும் உங்கூட்டுல பொகையக் காணமே? மாமாவுக்கு முடியலையா?"

சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

"தூங்கறாருக்கா. இதோ மூட்டறேன்."

சுள்ளியை ஒடித்து அடுப்பு மூட்டினாள். கூரை வழியே புகை ஏறுகிறதா என்று வெளியே வந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உலை கொதித்ததும் மாவைப் போட்டுக் களி கிண்டினாள். இரண்டு உருண்டை உருட்டினாள். கிழவரின் வட்டிலில் ஒன்றை வைத்து, நடுவில் குழித்து, கீரைக் குழம்பு ஊற்றினாள். அதைப் பாயோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

தூரத்தில் சுருதி கிளம்பியது. அதன்மேல் முகவீணை ஏறியது. தேர் அசைந்துவிட்டதைச் சொல்லும் கூச்சல் ஊர்ப்பக்கமிருந்து வந்தது.

களியில் ஈ உட்கார வந்தது. சின்னம்மாள் முந்தானையால் விசிறினாள். மறுபடி வந்தது, மறுபடி விசிறினாள். அந்தக் காற்றில் கிழவரின் மீசை மயிர் லேசாக அசைந்தது.