மன்னிக்கப்பட்டவரின் சிறை

2025, நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து நாற்பது. பெரம்பலூரில் தூறல், குடையை விரிக்கவும் மனம் வராது, மடக்கவும் துணிவு வராது. நீதிமன்ற வராந்தாவில் டிராக்டர் ஓட்டுநர் ராசாங்கம் சுவரில் சாயாமல் நின்றிருந்தார். இன்று தீர்ப்பு. பாதகமாக வந்தால் ஏழாண்டுச் சிறை.

2022 பிப்ரவரியில் எறையூர்ப் பக்கத்துக் கிடங்கொன்றில் காவலாளியைக் கட்டிப்போட்டுத் தாமிரக் கம்பியைக் கொள்ளையடித்தார்கள். முதலில் பிடிபட்டவர், ராசாங்கத்தோடு கரும்பு லோடு ஏற்றிவந்த சிங்காரவேலு. அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ராசாங்கமும் உடன் வந்ததாகச் சொல்லி அப்ரூவர் ஆனார். சட்டம் அவரை மன்னித்தது. விசாரணை முடியும்வரை அப்ரூவரை வெளியே விடக்கூடாது என்பதும் அதே சட்டம். குற்றம் சாட்டப்பட்ட ராசாங்கம் நாற்பதாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார். மன்னிக்கப்பட்டவரோ மூன்றே முக்கால் ஆண்டாகத் திருச்சிச் சிறையில் இருக்கிறார்.

வராந்தாவின் மறுகோடியில் நின்ற சிங்காரவேலுவின் மனைவி கலையரசி அருகே வந்தாள். ஒரே தெருவில் இருந்தும் இத்தனை ஆண்டுகளில் ஒரு பேச்சில்லை.

"ஒங்களுக்கு ஜெயிலுன்னாலும் அவரு வந்துருவாரு, விடுதலைன்னாலும் வந்துருவாரு. நான் என்னன்னு வேண்டிக்கிறது, நீங்களே சொல்லுங்கண்ணே."

ராசாங்கம் அதைக் கடுமையாக எடுத்துக்கொள்ளவே விரும்பினார், முடியவில்லை. "கேஸு முடியணும்னு வேண்டிக்க. அது போதும்."

நீதிபதி நாற்பது நிமிடம் வாசித்தார். உடன் குற்றம் செய்ததாகச் சொல்பவனின் சாட்சியத்தை வேறொரு சான்று தாங்க வேண்டும். இங்கிருந்த ஒரே தாங்கல், கம்பியைக் கைப்பற்றியதாகப் போலீசார் எழுதிய மகஜர். பிப்ரவரி 27 அன்று, ராசாங்கம் அடையாளம் காட்ட, ஆளுயரக் கரும்புக்குள்ளிருந்து கம்பி எடுக்கப்பட்டதாக அது கூறியது. சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவின்படி அந்த வயலில் 14ஆம் தேதியே அறுவடை முடிந்து, காய்ந்த கரும்புச் சோகையும் எரிக்கப்பட்டிருந்தது. வயலுக்குப் போகாமல் நிலையத்தில் அமர்ந்து எழுதியவர், கரும்பைத் தம் கற்பனையில் வளர்த்திருந்தார். ராசாங்கம் விடுதலை செய்யப்பட்டார்.

வெளியே வராந்தாவுக்கு வந்தார். அப்போதுதான் சுவரில் சாய்ந்தார்.

"அந்தக் கரும்புக் கொல்லைலேருந்து லோடு அடிச்சதே நீங்கதான்," என்றார் அவருடைய வக்கீல் ஹேமலதா. "இத அஞ்சாவது வாய்தாவுலயா சொல்றது?"

"நீங்க கேக்கலீங்களேம்மா. அந்தக் கொல்லை வெட்டியாச்சுன்னு ஊருக்கே தெரியும். போலீசுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

ஹேமலதா சிரித்துவிட்டார். கலையரசி சிரிக்கவில்லை.

"அவரு சொன்னது பொய்யின்னு ஆயிப்போச்சே. அதுக்கு ஒரு கேஸு போடுவாங்களாம்மா?"

"போட எடமிருக்கு. போடுவாங்களான்னு இப்ப சொல்ல முடியாது. அவரு மேல இருந்த காவல் இன்னியோட முடிஞ்சிருச்சு. ஆர்டர் சாயங்காலமே ஜெயிலுக்குப் போயிரும்."

"நம்ம தெருவுக்குத்தான் வரணும் அவரு," என்றாள் கலையரசி, ராசாங்கத்தைப் பார்க்காமல்.

"வேற எங்க போவான்?" என்றார் ராசாங்கம். அந்த ஒருமையில் பழைய உரிமை இருந்ததா, கோபம் இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

நான்கேகாலுக்கு எழுத்தர் பெயரைக் கூப்பிட்டார். கையெழுத்திட்ட தீர்ப்பின் நகல், இருபத்திரண்டு பக்கம். முத்திரையின் ஊதா மை இன்னும் காயவில்லை. ராசாங்கம் அதை மடிக்காமல், இரு உள்ளங்கைகளிலும் விரித்தபடி ஏந்திக்கொண்டு தூறலில் இறங்கினார். கலையரசி தன் குடையை அவர் தலைக்கல்ல, காகிதத்துக்கு நேராகப் பிடித்தாள்.