இரண்டாவது கோப்பை

தையல்காரிக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது காபிக்கொட்டை அரைக்கும் கைமிஷினின் திருகு. அது எப்போதும் மூன்றாம் எண்ணில்தான் இருக்கும். மூன்றில் அரைத்தால்தான் டிகாக்‌ஷன் நின்று நிதானமாக இறங்கும் என்பது அவள் புருஷன் போட்ட சட்டம். காபிக்கொட்டைக் கடையில் வறுவல்காரன் அவன். கொட்டை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று வாசலில் நின்றபடியே மூக்கால் சொல்லிவிடுகிற ஆள். கல்யாணமான புதிதில் அவள் தெரியாத்தனமாகத் திருகை நான்குக்குத் தள்ளிவிட்டாள் என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்பேர்ப்பட்ட வீட்டில் திருகு ஒன்பதில் கிடந்தது! அடியில் ஒட்டியிருந்த தூளும் மணல் மாதிரி கொரகொரவென்று இருந்தது.

"திருகை யாருங்க தொட்டது?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் தொட்டிருப்ப" என்றான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பச்சைப் பொய். அவள் திருகை மூன்றுக்கே திருப்பி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் தையல் கடையிலிருந்து வந்தால், கழுவும் தொட்டியில் இரண்டு கோப்பைகள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவள் காலைக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அவன் மத்தியானம் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். இரண்டாவது கோப்பை யாருக்கு? அலமாரியைக் குடைந்தாள். டப்பாக்களுக்குப் பின்னால் லேசாக வறுத்த கொட்டை ஒரு பொட்டலம் இருந்தது. லேசான வறுவலா? 'ஒரே புளிப்பு, மனுஷன் குடிப்பானா' என்பவனாயிற்றே! வந்துபோகிற மகாராணிக்கு அதுதான் இறங்கும் போலிருக்கிறது.

இன்னொன்றும் அவளை அரித்தது. அவள் போட்ட காபியில் நொட்டை சொல்லாமல் அவனுக்குப் பொழுது விடிந்ததே கிடையாது. போன மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து தினமும், "நல்லா இருக்கு." இந்த நைச்சியம் எதற்காம்?

"மனசுல போட்டுப் புழுங்காதீங்கக்கா. நேர்ல போய்ப் பாத்துருங்க" என்றாள் தையல் கடையில் பக்கத்து மிஷின்காரி.

அன்று மத்தியானமே போனாள். தன் சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். மேஜையில் இரண்டு கோப்பைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் மட்டும்தான் உட்கார்ந்திருந்தான். அவள் விடவில்லை. குளியலறை, கதவிடுக்கு, கட்டிலுக்கடி வரை குனிந்து பார்த்தாள்.

"எங்க அவ?"

"எவ?"

"ரெண்டு கோப்பை யாருக்காம்?"

அவன் இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினான். "குடிச்சுப் பாரு. எது லேசு வறுவல், எது கருவறுவல்?"

வேண்டாவெறுப்பாகக் குடித்தாள். "இது பல்லு கூசுற புளிப்பு, இதுதான் லேசு. அது தொண்டை வரைக்கும் கசக்குது. இதுகூடத் தெரியாதா? நீங்கல்லாம் ஒரு வறுவல்காரர்!"

"தெரியலடி."

அவன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். "அந்தக் காய்ச்சலோட மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. கொரகொரன்னு அரைச்சேன், மாவா அரைச்சேன், ரெண்டு வறுவலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சேன். எல்லாம் வெந்நீர்தான். கடையில புகையோட நிறத்தைப் பாத்து ஒப்பேத்துறேன். நேத்து ஒரு ஈடு கொட்டை மொத்தமும் கருகிப்போச்சு. முதலாளி ஒரு மாதிரியா பாக்குறார். இது போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்?"

'அட, அவ்வளவுதானா!' என்று ஒரு கணம் அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. எவளாவது வந்திருந்தால் கொண்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம். இதை என்ன செய்வது?

அப்போதுதான் அது உறைத்தது.

"அப்ப, தினமும் என் காபி நல்லா இருக்குன்னீங்களே?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பொய்யோ மெய்யோ, அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையில் ஐந்து நிமிஷம் முன்னால் எழுந்துகொண்டிருந்தாள் அவள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கிளம்புங்க, டாக்டரைப் பாத்துட்டு வருவோம். நீங்க மறுபடியும் என் காபியைக் குடிச்சுட்டு 'தூ'ன்னு துப்பணும்."