சொந்த ஊரில் கிளினிக்

பல் வைத்தியம் படித்து முடித்தவன் எங்கே கிளினிக் போடலாம் என்று வாய்விட்டுக் கேட்டால் போதும், அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. எனக்கு முதலில் சொன்னவன் அரிகிருஷ்ணன். மெட்ராஸில் பல் மருத்துவம் படித்தபோது நாலு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். "ரெண்டு வருஷம் யாரிடமாவது அசிஸ்டெண்டாக இரு. கை பழகட்டும். அப்புறம் சொந்தமாகப் போடு. எங்கே வேண்டுமானாலும் போடு, உன் சொந்த ஊர்ப் பக்கம் மட்டும் போடாதே. அங்கே நீ டாக்டர் இல்லை, இன்னார் மகன்" என்றான்.

நான் எவன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? 1966 தை மாதம் செஞ்சிக் கடைத்தெருவில், பஷீர் அகமது பாயின் துணிக்கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்தேன். 'டாக்டர் இ. தனசேகரன், பி.டி.எஸ்.' என்று போர்டு மாட்டினேன். இன்னொரு டாக்டர் நோயாளிகளை உட்கார வைத்துத் தேய்த்த பழைய நாற்காலி, காலால் மிதித்துப் பல்லைக் குடையும் இயந்திரம், ஆயுதங்களைக் கொதிக்கவைக்க ஒரு பாத்திரம், வாசலில் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

அவன் சொன்னது புரியாமல் இல்லை. செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவே ஒரு கிராமத்துச் சேரி எங்களுடையது. காலமான என் நைனா இளையபெருமாள் ஏர் ஓட்டியதும், அம்மா பூவாயி நாற்று நட்டதும் பிறத்தியார் நிலத்தில். அந்த நிலத்துக்காரர்களின் வாய்க்குள் நான் கை விட வேண்டும். விடுவார்களா, மாட்டார்களா? பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

விட்டார்கள். பல்வலி வந்தவனுக்கு வேறு வழி ஏது? ஆனால் சொம்பும் கையுமாக வந்தார்கள். பல்லைப் பிடுங்கியதும் வாய் கொப்பளிக்க நான் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருப்பேன். அதைத் தொடமாட்டார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சொம்புத் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போவார்கள். என் விரல் வாய்க்குள் போகலாமாம், என் தண்ணீர் போகக் கூடாதாம். இது என்ன நியாயம் என்று எனக்கு வயிறு எரியும்.

பஷீர் பாய் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "டாக்டரே, சொம்ப பாக்காதீங்க, வர்ற ஆள பாருங்க. என் கடையில துணி எடுக்கிறவங்க எத்தினி பேரு என் வூட்ல டீ குடிப்பாங்க? தொழில்னா அப்படித்தான் இருக்குது. ரெண்டு வருசத்துக்கு வாய மூடிக்கினு இருங்க" என்பார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சைப் பாருங்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் தெருவிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரே ஒரு ஆள்கூட இல்லை. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்த தாண்டவராயன் மாமா, கன்னம் வீங்கித் திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப்போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாராம். பஸ் செஞ்சி வழியாகத்தான் போகிறது. என் போர்டைத் தாண்டித்தான் போயிருக்கிறார். நம் ஜனத்துக்கே நம் கைமேல் நம்பிக்கை இல்லையென்றால் இந்த ஊரில் எனக்கு என்ன வேலை என்று மனசு விட்டுப்போயிற்று.

அந்த ஆடி மாதம் அரிகிருஷ்ணன் கடிதம் போட்டான். மயிலாப்பூரில் இடம் பார்த்துவிட்டானாம், இரண்டு நாற்காலி போடுகிறானாம், ஒன்று எனக்காம். பத்து நாளில் பதில் வேண்டும். போய்விடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா களியை மெல்லாமல் விழுங்குவதைப் பார்த்தேன்.

"இன்னாம்மா, பல்லா?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்புடு."

விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. மாதக்கணக்கில் வலித்திருக்க வேண்டும். பல் டாக்டரைப் பெற்றவள். எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் காலையிலேயே கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை, சந்தை நாள். பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தர் ரத்தினம்மாள், அம்மா நாற்று நடுகிற நிலத்துக்காரர் வீட்டு அம்மாள். என்னிடம் நீ என்றும் சொல்லமாட்டார், நீங்க என்றும் சொல்லமாட்டார், நடுவிலேயே பேசி முடித்துவிடுவார். அவரைக் கண்டதும் அம்மா பக்கத்துச் சந்தில் நுழைந்து பின்வாசலுக்குப் போகப் பார்த்தாள். விடவில்லை. முன்வாசல் வழியாகவே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, திரையை இழுத்துவிட்டு, மரப்பு ஊசி போட்டுப் பல்லை எடுத்தேன். முனகவே இல்லை. டம்ளரை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

"கையில ஊத்து."

"ஏன்?"

மரத்துப்போன உதட்டோடு, வெளியே கேட்காதபடி பேசினாள். "நான் வாய் வெச்ச டம்ளருன்னு தெரிஞ்சா வெளிய குந்திக்கினு இருக்கிறவங்க எழுந்து போயிடுவாங்க. ஒனக்கு தொழிலு கெட்டுடும்."

"அவங்கதான் என் டம்ளரையே தொடறது இல்லியே."

"இன்னைக்கு தொடல. நாளைக்கு தொடுவாங்க. அதுவரைக்கும் நம்ம ஜனம் யாரும் அங்க போவக்கூடாதுன்னு தெருவுல பேசி வெச்சிருக்கறோம்."

"யாரு பேசினது?"

"எல்லாருந்தான். மொதல்ல சொன்னவரு தாண்டவராயன் மாமா. நம்ம புள்ள கடை நிக்கட்டும், நாம போனா ஊர்க்காரங்க வரமாட்டாங்க, பல்லு வலின்னா நாம திண்டிவனம் போயிக்கலாம்னாரு. பஸ்ஸு இருக்குது இல்ல?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. ஆறு மாதமாக அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு தெருவே பல்வலியைப் பொறுத்துக்கொண்டு என் கடையைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அந்தக் கடையை மூடிவிட்டு மெட்ராஸுக்குப் போக நான் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்த டம்ளருல நீ கொப்பளிக்கலன்னா இப்பவே கடைய மூடிட்டு மெட்ராஸ் போயிடறேன்" என்றேன்.

பயந்துபோய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கொப்பளித்ததும் டம்ளரை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். வாங்கி, மற்ற டம்ளர்களோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

"தெருவுல போய் சொல்லு. பல்லு வலி இருக்கிறவங்க அடுத்த வெள்ளிக்கிழமை இங்க வரணும். முன்வாசல் வழியா. பெஞ்சுலதான் குந்தணும்."

"அப்ப ஊர்க்காரங்க?"

"வந்தா பாப்பேன்."

ரத்தினம்மாளுக்கு ஈறில் சீழ் கோத்திருந்தது. மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் அடுத்த வெள்ளிக்கிழமை பல்லை எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானமே அரிகிருஷ்ணனுக்குக் கார்டு போட்டேன். 'நீ சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் நான் வரவில்லை.' பஷீர் பாயிடம் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "நல்லா யோசிச்சீங்களா டாக்டரே? ஒரே வாரத்துல பெஞ்சு காலியாயிடும்" என்றார். ஆகலாம் என்று எனக்கும் பயம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் தாண்டவராயன் மாமா வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, கன்னத்தில் துண்டுக் கட்டு. திண்டிவனத்தில் எடுத்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் ஆடுகிறதாம். வந்தவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார்.

"மேல குந்துங்க மாமா."

"இருக்கட்டும் டாக்டரே."

என்னைத் தோளில் சுமந்த மனுஷன் டாக்டரே என்கிறார். தோளைப் பிடித்துத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தேன். எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து அவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வாசல்வரை வந்து, பெஞ்சைப் பார்த்துவிட்டு, சந்தைக்குப் போகிறவர்கள்போலப் போய்விட்டார்கள். பஷீர் பாய் கடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

அப்புறம் ரத்தினம்மாள் வந்தார். அவரைக் கண்டதும் மூன்று பேரும் எழுந்திருக்கப் போனார்கள். நான் மாமாவின் தோளில் கையை வைத்தேன். அவர் உட்கார்ந்தார், மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள்.

"வலி தாங்கல. என்னைய மொதல்ல பாத்தா தேவலாம்" என்றார் ரத்தினம்மாள்.

"மூணு பேருக்கு அப்புறம் நீங்கம்மா. பெஞ்சுல எடம் இருக்குது, குந்துங்க."

அவர் பெஞ்சின் காலியிடத்தைப் பார்த்தார். திண்டிவனம் பஸ் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார். உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

நான் திரையை விலக்கி, "மொதல்ல வந்தவங்க வாங்க" என்றேன்.

தாண்டவராயன் மாமா யார் உள்ளே போகப் போகிறார்கள் என்று திரும்பி ரத்தினம்மாளைப் பார்த்தார்.

"நீங்கதான் மாமா" என்றேன்.