மாரமங்கலத்துச் சாட்சி

ஹரிஹரன் வாழ்க்கையில் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தவர். முதலில் டெல்லியில் அரசு நாற்காலி, இணைச் செயலாளர் வரைக்கும். அப்புறம் ஒரு கொள்கை ஆய்வு மையத்தின் இயக்குநர் நாற்காலி. அதற்கும் அப்புறம், கம்பெனிகளுக்காக அமைச்சகங்களின் கதவைத் தட்டுகிற ஆலோசகர் நாற்காலி. வருமானம் கொழித்தது அதில்தான். மூன்றிலும் அவர் சொன்னது ஒன்றைத்தான். அரசாங்கம் சுருங்க வேண்டும், இலவசம் கூடாது, சும்மா கிடக்கிற நிலம் முதலீடு செய்பவன் கைக்குப் போக வேண்டும். நாற்காலிக்கு ஒரு பேச்சுப் பேசுகிற ஆள் இல்லை என்று எதிராளிகளே ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அறுபத்தொன்பதாவது வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஏற்காட்டில் ஒரு வீடு வாங்கிக் குடிவந்தார். காலையில் ஏரியைச் சுற்றி ஒரு நடை, வந்ததும் காபி, பேப்பர். எட்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று.

வெள்ளையம்மாள் வந்தது ஒரு திங்கட்கிழமை. கேட்டில் இருந்த பெயரை யாரையோ படிக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வந்தாள். கையில் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் நாலாக மடித்திருந்தது.

“ஏனுங்க சார், என்னையத் தெரியுதுங்களா? மாரமங்கலமுங்க. நல்லமுத்து சம்சாரம். பத்தொம்பது வருசத்துக்கு முன்ன ஜீப்புல எங்க காட்டுக்கு வந்தீங்கல்ல?”

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நல்லமுத்து என்ற பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். நோட்டீஸை வாங்கிப் படித்தார். நிலக் கணக்கெடுப்பு நடந்த வருடத்தில் தரிசாகக் கிடந்த இரண்டு ஏக்கர், விதிப்படி பயன்படாத நிலம் என்ற பட்டியலில் சேர்கிறது. ரிசார்ட் கட்ட ஒரு கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொல்லலாம்.

கம்பெனி பெயரை இன்னொரு தடவை படித்தார். போன வருடம் வரை அவர்களிடம்தான் ஆலோசனைக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு எங்க காடு சும்மா கெடக்கலைங்க, எளைப்பாறிட்டிருந்துச்சு. அதைக் கண்ணால பாத்த வெளியாளு நீங்க ஒருத்தருதானுங்க. எங்கூட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ரெண்டு ஏக்கரும் நெலைக்குமுங்க. அது போச்சுன்னா எனக்கும் பேத்திக்கும் வேற ஒண்ணுமில்லைங்க.”

“வர்றேன்மா” என்றார். அந்த விதியை எழுதியதே நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவள் போன பிறகு அந்த மானாவாரிக் காடு அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. நல்லமுத்து அவரை வரப்பு வரப்பாக நடக்க வைத்துக் காட்டினார். இரண்டு வருடம் சாமை போடுவார்களாம். அப்புறம் மூன்று வருடம் மண்ணைத் தொடமாட்டார்களாம். புதர் இடுப்பளவு வளர்ந்தால் மண் தேறிவிட்டது என்று அர்த்தம்; வெட்டிச் சாய்த்துவிட்டு மறுபடி உழுவார்கள். பாவம், அந்த மனிதர் இதை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார். ஹரிஹரன் தலையை மட்டும் ஆட்டினாரே தவிர எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் அவர்கள் வீட்டிலேயே சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஜீப் ஏறினார்.

கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். சாகுபடி, தரிசு. மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டால் அதற்கு டெல்லியில் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். இத்தனை ஏக்கர் தரிசு கிடைக்கும் என்று மேலிடத்துக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்தாயிற்று. நல்லமுத்து காட்டை வைத்து மாதிரிப் படிவம் ஒன்றைத் தன் கையாலேயே நிரப்பியவர், தரிசுக் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அந்த டிக் அறிக்கையாயிற்று, அறிக்கை விதியாயிற்று. விதியைப் புகழ்ந்து ஆய்வு மையத்தில் ஒரு புத்தகம் போட்டார். அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டிக் கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் அவரே. எந்த ஊர், யார் நிலம் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. படித்த மனிதர் செய்கிற காரியமா இது? வெட்கம் இப்போதுதான் வந்தது, அதுவும் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி வாசலுக்கு வந்த பிறகு.

வெள்ளிக்கிழமை, தாசில்தார் கீர்த்திகா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முப்பது வயதுதான் இருக்கும்.

“சார், உங்க புத்தகத்தைப் படிச்சுத்தான் நான் பரீட்சையே பாஸ் பண்ணேன்.”

“அதுல ஒரு தப்பு இருக்கும்மா” என்று ஆரம்பித்தார். நடந்ததைச் சொன்னார். காட்டை, புதரை, இரண்டு கட்டங்களை, தன் டிக்கை. பக்கத்தில் வெள்ளையம்மாள் கைகட்டி நின்றிருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே பேசி முடித்தார்.

கீர்த்திகா பேனாவைக் கீழே வைத்தாள். “சார், அந்த வருசத்து அடங்கல்ல சாகுபடின்னு பதிவு இல்ல. பதிவேட்டுல இருக்கிறதை மட்டும்தான் எடுத்துக்கணும், வாய்மொழியா யார் சொன்னாலும் செல்லாதுன்னு ஒரு திருத்தம் இருக்கு. உங்க மையத்தோட சிபாரிசுலதான் சார் அந்தத் திருத்தமே வந்தது.”

“அந்தக் காட்டுக்குப் பயிர் பாத்து அடங்கல் எழுத யாரும் ஏறிப் போனதே இல்லையேம்மா.”

“தெரியும் சார்.” அவளுக்கும் முகம் வாடிவிட்டது. “மேல அப்பீல் இருக்கு. ஆனா இதே விதிதான்.” ஆட்சேபணை ஏற்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவரே வாயைத் திறந்தார்.

“உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். அந்த விதியை எழுதினதே நான்தான்.”

“தெரியுமுங்க” என்றாள் வெள்ளையம்மாள். “நோட்டீஸ் வந்தப்பவே பேத்தி தேடிப் பாத்துச் சொன்னாளுங்க. எழுதினவரே வந்து சொன்னா மாத்திக்குவாங்கன்னு நெனச்சுத்தான் வந்தனுங்க.”

அவள் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பார்.

“உங்க மேல வருத்தமில்லீங்க சார். எங்க பக்கந்தான் கொறை. எங்கூட்டுக்காரரு சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. ‘இன்னொருக்கா வெளக்கமா சொல்லியிருக்கோணும் புள்ள, படிச்சவருக்கு நம்ம பேச்சு வெளங்கலை, எம்பட தப்புதான்’னு நொம்ப வேதனைப்படுவாரு. எனக்கும் அதேதானுங்க. சோறு போட்ட நேரத்துலயாவது நானும் ஒருக்கா சொல்லியிருக்கலாம்.”

ஆமாம், புரியவில்லை என்று அவர் தலையாட்டியிருந்தால் போதும். அவளுக்கும் ஆறுதல், அவருக்கும் தப்பித்தல். நாற்பது வருடமாக அவர் செய்து பழகிய வேலைதான் அது.

“இல்லம்மா” என்றார். “அவர் நல்லாத்தான் சொன்னார். எனக்கு அன்னிக்கே எல்லாம் விளங்கிடுச்சு.”

வெள்ளையம்மாள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

“வெளங்குச்சுங்களா?”

“முதல் தடவை சொன்னப்பவே.”

மாரமங்கலம் பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். கண்டக்டர் இரண்டு தடவை இவள் பக்கம் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

“அப்பறம் ஏனுங்க?” என்றாள்.

பஸ் புறப்பட்டுப் போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.