யார் தறி?

‘ஆரணி தறி நண்பர்கள்’ வாட்ஸ்அப் குழு என் கைக்கு வந்தபோது குப்பைத்தொட்டியாகக் கிடந்தது. விடிந்தால் ரோஜாப்பூ, பொழுது சாய்ந்தால் ராசிபலன். நடுவில் எவராவது தறியில் சிக்கல் என்று கேட்டால் பதில் சொல்ல நாதி இருக்காது. அரைகுறையாக எது நடந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜக்கார்டு அட்டையில் துளை போட்டுப் புடவைக்கு டிசைன் இறக்குகிறவன் நான். ஒரு துளை தப்பினால் மயிலுக்கு மூக்கு இருக்காது.

அட்மின் ஆனதும் ரோஜாப்பூ கோஷ்டியில் பதினோரு பேரைத் துரத்தினேன். இனி தொழில் பேச்சு மட்டும் என்றேன். புதிதாக வருகிறவர்கள் கூச்சப்படக் கூடாது என்று ஒரு வழக்கமும் கொண்டுவந்தேன். புதியவர் தன் தறியில் ஓடுகிற புடவையைப் படம் எடுத்துப் போட வேண்டும், பெயர் சொல்லக் கூடாது. கரையையும் உடலில் நெய்த புட்டாப் பூக்களையும் பார்த்து மற்றவர்கள் ‘யார் தறி?’ என்று கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்ததும் ஒரே வரவேற்பு. புடவையைப் பார்த்து வீட்டைச் சொல்ல எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? குழு ஜோராக நடந்தது. கண்ணமங்கலம், வெம்பாக்கம் என்று எல்லா ஊர்க் குழுக்களிலும் சேர்வதற்கான இணைப்பை நானே போட்டேன். எவரும் வரலாம் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

வேலு என்று ஒருவர் அப்படித்தான் வந்தார். ‘தறி இல்லை, கத்துக்க வந்திருக்கேன்’ என்று ஒரே வரி எழுதினார். அதோடு சரி. ஆனால் எந்தப் புதியவர் படம் போட்டாலும் முதல் கும்பிடு அவருடையதாக இருக்கும். தங்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பெயரில்லாத ஒரு எண்ணிலிருந்து படம் வந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை, கரையில் அன்னம். ‘பாவு இழை அறுந்துகினே இருக்கு. என்ன செய்யறது, யாராவது சொல்லுங்க’ என்று கீழே எழுதியிருந்தது.

அன்னத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் துளை போட்ட அன்னம் அது. ஊரிலேயே ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அந்த அட்டையைக் கொடுத்திருந்தேன். அட்டை மாட்டப் போனபோது அந்தத் தறியில் ஒரு பெண் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள், மூன்று வயது இருக்கும், நூல்கண்டை உருட்டி விளையாடியது. அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் தறிக்குச் சொந்தக்காரரான திலகவதி அக்காதான் சொன்னார்.

மற்றவர்கள் முந்திக்கொள்ளப் போகிறார்களே என்று ஜல்தியாக எழுதினேன்: ‘நம்ம திலகவதி அக்கா வீட்டுத் தறி! வெம்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் தங்கை சத்யப்ரியாவை வரவேற்போம்!’

முதல் கும்பிடு வேலு. அப்புறம் முப்பது, நாற்பது.

உடனே அந்த எண்ணிலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி. ‘அண்ணா, என் பேர அழிச்சிடுங்க. கால்ல உழறேன்.’ எனக்குக் கோபம் வந்தது. மெனக்கெட்டு வரவேற்றால் இப்படியா? ‘இங்கே ஒளிவுமறைவு கிடையாதும்மா, எல்லாரும் நம்ம ஜனங்க’ என்று பதில் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து அட்டை வேலையில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் போனை எடுத்தபோது திலகவதி அக்கா ஒன்பது தடவை அழைத்திருந்தார். பத்தாவது அழைப்பை எடுத்தேன்.

“ஹேமநாத், இன்னா காரியம் பண்ணி வச்ச? அந்தப் பொண்ணு புருஷனுக்கு பயந்து ஓடியாந்திருக்கு. ஊரூரா தேடிகினு இருக்கானாம். ஆம்பிட்டா கொழந்தைய தூக்கினு பூடுவேன், உன்ன கொன்னுடுவேன்னு சொல்லிகினு இருந்தவன்.”

“எனக்கு எப்டிக்கா தெரியும்? அவன் பேரு இன்னா?”

“வேலு.”

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே குழுவைத் திறந்தேன், முதல் கும்பிடு அங்கேயே இருந்தது.

“நான் கண்ணமங்கலத்துல மாட்டிகினு இருக்கேன். அது தனியா கீது, போன் எடுக்க மாட்டேங்குது. போலீசுக்குச் சொல்லிட்டேன். நீதான் கிட்ட இருக்க, ஓடு!”

என் செய்தியை அழித்தேன். காலையில் எழுதியதை மத்தியானம் அழித்து என்ன பயன்? வெம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாலும் பாதி வழி தாண்டியிருப்பான். வண்டியை விரட்டினேன். ரைஸ்மில் வாசலில் நெல் லாரி ஒன்று குறுக்கே நின்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவளுக்கு அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது, நாற்பது கும்பிடு போட்டோமே, பாவு இழை ஏன் அறுகிறது என்று ஒருத்தனும் அவளுக்குச் சொல்லவில்லை.

குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் வேலு.

மாம்பழ நிறம், அரக்குக் கரை, அன்னம். தறியில் ஆள் இல்லை. தரையில் நூல்கண்டு வாசல் வரைக்கும் பிரிந்து கிடந்தது. கீழே இரண்டே சொல்: ‘யார் தறி?’

லாரி நகரவில்லை. என் கையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது.

‘திலகவதி அக்கா வீட்டுத் தறிதானே!’

‘அட, வேலு வாயைத் திறந்துட்டாரு!’

‘வருக வருக!’